நாற்பது நாள் பாடக் கூடாத சொல்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் லுத்தரன் ஆராதனை பாவ அறிக்கையோடுதான் தொடங்கும். பழக்கதோஷம்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளை லெந்து காலம் என்போம். இந்த வருஷம் அந்த நாற்பது நாளும் குடும்ப ஜெபத்தில் வாசிக்க ஒரு சின்னப் புத்தகம் போடலாம் என்று போதகர் முடிவு செய்தார். நாற்பது குடும்பம், ஆளுக்கு ஒரு பக்கம். பொருள்: மனந்திரும்புதல். எனக்கு விழுந்தது பதினெட்டாம் நாள். மூன்று மதியச் சாப்பாட்டு இடைவேளைகளைத் தியாகம் செய்து எழுதிக் கொடுத்தேன். மறு ஞாயிறு போதகர் அதைத் திருப்பிக் கொடுத்தார். ரொம்ப நல்ல மனிதர், அதனால் ரொம்பச் சுற்றி வளைத்தார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்: "தம்பி, இதுல யாருமே மனந்திரும்பலையே."

உண்மைதான். யாரும் திரும்பவில்லை. ஒருத்தி மட்டும் திரும்பி வந்தாள், அவளையும் நாங்கள்

இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும். முதல் பக்கத்திலேயே அழவைக்கப் பார்க்கிற எழுத்தாளனை எனக்குப் பிடிக்காது.

பதினெட்டாம் நாளுக்கு இப்போது ஒரு பள்ளிக்கூட ஆசிரியை எழுதிவிட்டார். பொறுமையைப் பற்றி. நன்றாகவே இருக்கிறது. என் பக்கம்தான் போக்கிடம் இல்லாமல் கதையாக வளர்ந்து உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

2

தொடக்கங்கள்:

"லெந்து காலத்தின் மூன்றாம் ஞாயிறு அன்று மழை பெய்துகொண்டிருந்தது."

பெய்யவில்லை. சோகக் கதை என்றால் கை தானாகவே மழையை வரவழைத்துவிடுகிறது. அன்று நல்ல வெயில். கோவிலில் இரண்டு ஃபேன் வேலை செய்யவில்லை.

"அக்கா பெருமைக்காரி."

இது அப்பாவின் தொடக்கம். அவர் கதையை அவர் எழுதிக்கொள்ளட்டும்.

"நான் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் ஆர்கன் வாசிக்கிறேன்."

இது பொய்யில்லை. வாரத்தில் ஆறு நாள் ஜனங்களை மேலே ஏற்றி இறக்குகிறேன், ஏழாம் நாளும் கிட்டத்தட்ட அதே வேலைதான். நடுவில் நின்றுபோனால் இரண்டு இடத்திலும் திட்டு எனக்குத்தான். இதையே வைத்துக்கொள்வோம்.

3

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் திட்டியதில்லை. ஜெபித்திருக்கிறோம்.

மாலை ஏழு மணிக்குச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார வேண்டும். ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு அதிகாரம், பிறகு அப்பாவின் ஜெபம். அப்பா எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருஷம் கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்தவர், சபையில் மூப்பர். ஜெபத்திலும் எங்களை வரிசையாக நிறுத்தி எடை பார்ப்பார். "என் மகன் சோம்பலை விட்டு" என்று ஆரம்பித்தால், காலையில் நான் தாமதமாக எழுந்த செய்தி பரலோகத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். பதில் பேச முடியாது. எல்லோருக்கும் கண் மூடியிருக்கும். குறுக்கிட்டால் அப்பாவின் பேச்சில் அல்ல, ஆண்டவரின் பேச்சிலேயே குறுக்கிட்ட மாதிரி.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அக்கா ஒரு பையோடு வந்தாள். அவள் புருஷன் அடிக்கிறவன். அப்பா பார்த்து முடித்த இடம், பக்கத்துச் சபை மூப்பரின் மகன். அன்றைய ஜெபத்தில் அப்பா, "என் மூத்த மகளின் பெருமையை உடைத்து, அவளை அவள் வீட்டுக்கே நடத்தியருளும்" என்றார். அக்கா கண்ணைத் திறந்தாள். (நானும் திறந்திருந்தேன், அதனால்தான் தெரியும்.)

"உடைக்கறதுக்கு இனிமே ஒண்ணும் மிச்சம் இல்லப்பா" என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஆமென் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது என்பது எங்கள் பழக்கம். அன்று ஆமென் வர நாலு நிமிஷம் ஆனது. நான் தெருவுக்கு ஓடியபோது அவள் பஸ் ஏறிவிட்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து ஜெபத்தின் வரிசையில் அவள் இல்லை. "என் மனைவி, என் மகன், என் மருமகள்" என்று அப்பா வரிசையாகப் போய், பேத்தியைத் தொட்டு முடிப்பார். அக்கா இருந்த இடத்தில் அப்பா மூச்சு வாங்குவார். அவ்வளவுதான்.

* எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அப்பா அசல் வில்லனாக வந்திருக்கிறார். கதைக்கு வசதி, ஆனால் சந்தேகமாக இருக்கிறது. லெந்து காலத்தில் பலிபீடத்துக்கு விரிக்கிற ஊதாத் துணியை அவர்தான் இஸ்திரி போடுவார். வேறு யாரையும் தொட விடமாட்டார். ஓரத்துச் சரிகை கருகாமல் இருக்க மேலே ஈரத்துணி போட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி அடிக்கடி உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பார். இதைச் சேர்த்தால் வாசகர் கொஞ்சம் இளகுவார் என்று தெரிந்துதான் சேர்க்கிறேன். ஆனால் தொட்டுப் பார்ப்பது நிஜம்.

4

அம்மாவுக்கு மறதி வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். முதலில் சாவி, பிறகு அடுப்பு, பிறகு ஆட்கள். பாட்டு மட்டும் போகவில்லை. முதல் வரியை எடுத்துக் கொடுத்தால் கடைசிச் சரணம் வரை பிசகில்லாமல் பாடுவாள்.

என் மனைவி பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறவள். யாரிடமும் போனில் பேசி, பயப்படாமல் வரவைப்பது அவள் தொழில். போன வருஷம் லெந்தில் எனக்குத் தெரியாமல் அக்காவுக்குப் போன் போட்டாள். அத்தை நாளுக்கு நாள் மறந்துகொண்டே வருகிறார், உங்களை அடையாளம் தெரிகிறபோதே ஒரு தடவை வந்து பார்த்துவிடுங்கள் என்றிருக்கிறாள். அக்கா இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கூப்பிட்டாள்.

"வீட்டுக்கு வர மாட்டேன். கோவிலுக்கு வரேன். அங்க என்னைப் போன்னு சொல்ல யாராலயும் முடியாதில்ல?"

சனிக்கிழமை சாயங்காலம்தான் மனைவி எனக்குச் சொன்னாள். நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், அழகுபடுத்த இஷ்டமில்லை: "அப்பாவுக்குத் தெரியுமா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அந்தப் பார்வையை மூன்று தடவை வாங்கியிருக்கிறேன்.

5

இப்போது ஞாயிறு. மெதுவாகச் சொல்ல வேண்டும்.

நிருபம் என்கிற அப்போஸ்தலர் கடித வாசகம் முடிந்ததும் மூன்று முறை அல்லேலூயா பாடிக்கொண்டே எழுந்து நின்று சுவிசேஷம் கேட்பது எங்கள் முறை. அது சந்தோஷச் சொல், அதனால் லெந்து வந்துவிட்டால் அதைப் பூட்டி வைத்துவிடுவோம். ஈஸ்டர் காலையில்தான் திறப்பது. நடுவில் அது வருகிற இடத்தில் மௌனம். நான் மனதுக்குள் எட்டு எண்ணிவிட்டு அடுத்ததை வாசிக்க வேண்டும்.

ஆர்கன் சுவரைப் பார்த்து இருக்கிறது. அதற்கு மேலே, பின்னால் நடப்பது தெரிய ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறது. அந்தக் கண்ணாடியில்தான் அக்கா வந்தாள். நிருபம் பாதியில் இருந்தபோது, கடைசி பெஞ்சின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். தலையில் நரை. என்னைத் தேடினாள். கண்ணாடியில் என் கண்ணைப் பிடித்தாள். சிரிக்கலாமா என்று யோசித்த முகம்.

நான் குனிந்து கட்டைகளைப் பார்த்தேன்.

வாசகம் முடிந்தது. மௌனம். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் அம்மாவின் குரல். முன்பெஞ்சிலிருந்து, தனியாக, பளிச்சென்று: அல்லேலூயா.

வாலிபர் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். யாரோ உஸ் என்றார்கள். அம்மா இரண்டாவதையும் எடுத்தாள். அப்பா, "உட்காரு. இது லெந்து" என்றது எனக்கே கேட்டது.

இங்கே ஒரு தகவல். ஆர்கன் எங்கே போனாலும் எங்கள் சபையார் பின்னாலேயே வருவார்கள். ஒரு தடவை எண்ணைத் தப்பாகப் பார்த்து ஓர் அடக்க ஆராதனையில் கிறிஸ்துமஸ் பாட்டை எடுத்துவிட்டேன். ஒருவர் விடாமல் இரண்டு சரணம் பாடினார்கள், விதவை உட்பட. நான் ஒரே ஒரு சுருதியை அம்மாவின் குரலுக்கு அடியில் வைத்திருந்தால் போதும். மூன்றாவது அல்லேலூயாவைச் சபையே பாடியிருக்கும். பிறகு என்னைக் கூப்பிட்டுத் திட்டியிருப்பார்கள். அவ்வளவுதான்.

நான் அதைச் செய்யவில்லை. எட்டு வரை எண்ணவும் இல்லை. சத்தத்தை முழுதாகத் திறந்துவிட்டு, சுவிசேஷத்துக்கு முன்னால் பாடுவதை எடுத்தேன். அம்மாவின் குரல் அதற்குள் மூழ்கிவிட்டது. மூன்றாவதை அவள் பாடினாளா இல்லையா என்றே யாருக்கும் தெரியாது.

நான் நிமிர்ந்தபோது கடைசி பெஞ்ச் காலி. பிரசங்கம் மன்னிப்பைப் பற்றி. இது நான் சேர்த்தது அல்ல, அட்டவணையில் அப்படி இருந்தது.

6

இங்கேதான் கதை சிக்கிக்கொண்டு நிற்கிறது.

அம்மா அக்காவைப் பார்த்துப் பாடினாளா? அல்லது அறுபது வருஷப் பழக்கத்தில், அந்த இடம் வந்ததும் வாய் தானாகத் திறந்ததா?

அம்மா அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்க்கிறவள். அன்றும் திரும்பியிருக்கலாம். கண்ணாடியில் நான் பார்த்திருக்க வேண்டும். ஆனால் நான் அக்காவின் கண்ணுக்குப் பயந்து குனிந்திருந்த நேரமும் அதுவேதான். என் மனைவி, "பெத்தவளுக்குத் தெரியாதா?" என்கிறாள். அவள் அன்று பிள்ளைகளோடு ஞாயிறு பள்ளி அறையில் இருந்தாள்.

எழுதுகிறவன் என்ற முறையில் நான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பாருங்கள், இந்த எழுத்தாளனுக்கு வழக்கில் பங்கு இருக்கிறது. அம்மா அடையாளம் கண்டாள் என்று எழுதினால், பதினொரு வருஷம் காத்திருந்த ஒருத்தியின் வரவேற்பை நான் ஆர்கனால் அமுக்கினேன். பழக்கதோஷம் என்று எழுதினால், ஆராதனையில் ஒரு சின்னக் குளறுபடி, நான் சமாளித்தேன். முதலாவது நல்ல கதை. இரண்டாவதில் எனக்கு ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வரும்.

7

அன்று சாயங்காலம் ஏழு மணி. அப்பா, "இன்று ஆராதனையின் ஒழுங்கு குலைந்ததை மன்னியும்" என்றார். அக்கா வந்தது அவருக்குத் தெரிந்திருந்தது, கோவில் வாசலிலேயே நாலு பேர் சொல்லியிருந்தார்கள். வரிசை வந்தது. முதலில் அம்மா. மூச்சு வாங்குகிற இடத்தில் என் மனைவி சத்தமாக, "அக்காவையும் ஆண்டவரே" என்றாள்.

அப்பா ஆமென் என்றார். பேத்தி பசி என்று சிணுங்கிய நாளில்கூட அவர் இவ்வளவு சீக்கிரம் முடித்ததில்லை.

அம்மா கண்ணைத் திறந்து ஆர்வமாகக் கேட்டாள்: "யாரு அக்கா?"

8

முடிவுகள்.

(அ) ஈஸ்டர் காலை. அக்கா வருகிறாள், சபை அல்லேலூயா பாடுகிறது, அப்பா தள்ளி உட்கார்ந்து இடம் விடுகிறார். போதகருக்கு இது பிடிக்கும். போன வருஷம் ஈஸ்டர் காலையில் அந்த இடத்தில் என் மகளின் தண்ணீர் பாட்டில் உட்கார்ந்திருந்தது.

(ஆ) அப்பா ஊதாத் துணியை இஸ்திரி போட்டுக்கொண்டே அழுகிறார். எழுதிப் பார்த்தேன். எழுத்தில் அழுதார். வீட்டில், மின்சாரம் போய்விட்டது என்று அலுத்துக்கொண்டார்.

(இ) நான் அக்காவைத் தேடிப் போகிறேன்.

இது நடந்தது. நடந்ததை முடிவு என்று சொல்லலாமா என்பது வேறு விஷயம்.

9

அக்கா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். போன செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் தெருமுனையிலேயே ஒரு இடம் இருக்கிறது. நான் இரண்டு பஸ் மாறி அவளிடம் கூட்டிப்போனேன். (தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா அன்று சபைக் கமிட்டிக்குப் போயிருந்தார்.)

டோக்கன் இருபத்தேழு. உள்ளே போனதும் அக்கா எங்களைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் கையில் இருந்ததை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு முகக்கவசத்தைக் கழற்றி, முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி அம்மாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். ரப்பர் பட்டையைக் கட்டினாள், நரம்பைத் தேடினாள்.

"கையை மடக்கிக்கோங்கம்மா."

அங்கே வருகிற வயசான பெண்கள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. "உன் கை லேசா இருக்கும்மா. போன தடவை ஒருத்தி குத்தினா பாரு" என்று சிரித்தாள்.

அக்கா குழாயில் அம்மாவின் பெயரையும் வயதையும் யாரையும் கேட்காமல் எழுதினாள். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அன்னைக்கு அம்மா என்னைப் பார்த்துத்தான் பாடினாங்களாடா?"

நான் கையில் இருந்த டோக்கனை இரண்டாக மடித்தேன்.

"நான் தலையைக் குனிஞ்சுட்டேன், பாக்கல. உனக்குத்தான் கண்ணாடி இருந்துச்சு. ஒரு வருஷமா இதை யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல. வேற ஒண்ணும் வேண்டாம். அதை மட்டும் சொல்லு."

ஆமா என்று சொல்லலாம். பொய்யாக இருக்கலாம், அல்லது என் வாழ்க்கையிலேயே பெரிய உண்மையாக இருக்கலாம். தெரியாது என்று சொல்லலாம். ஏன் தெரியாது என்று அடுத்துக் கேட்பாள்.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"அந்தப் பொண்ணு கேக்குதுல்ல? வாயைத் திறந்து சொல்லேன்டா."

இதற்கு மேல் எழுத மாட்டேன். நான் பார்த்தது, பார்க்காமல் விட்டது எல்லாம் உங்களிடம் சொல்லியாகிவிட்டது. எனக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, அதனால் நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். வெளியே இருபத்தெட்டைக் கூப்பிட்டாகிவிட்டது. ரத்தம் எப்போதோ நின்றுவிட்டது, அக்கா இன்னும் பஞ்சை எடுக்கவில்லை.