கரிக்கோடு

நெற்றி முடியிலிருந்து மூக்கு நுனிவரை ஒரு நீலக்கோடு. ஆப்பிரிக்க மேற்குக் கரையில் எங்கள் க்ரூ இன ஆண்களுக்குக் கத்தியால் கீறி, கரி தேய்த்து ஏற்றுவது. அது இருந்தால் வெள்ளைக்காரன் கூலிக்குத் துடுப்புப் போடக் கூப்பிடுவான். விலங்கு மாட்ட மாட்டான்.

என் மனைவி ஜூவாவின் தம்பி டியாவுக்குக் கத்தி என்றாலே பயம். மீசை முளைத்த வயதிலும் நெற்றி வெறுமையாகத்தான் இருந்தது. நாங்கள் கூலிக்குப் போகவிருந்த அடிமைக் கப்பலோ மறுநாள் கிளம்புகிறது. கீறினால் வீக்கம் வடிய எட்டு நாளாகும்.

“மச்சான், சும்மா வரைஞ்சு விடேன். எவன் உத்துப் பாக்கப் போறான்?”

“பொம்பளப்புள்ளகூட இப்படிப் பயப்படாதுடா!”

கிண்டலடித்துவிட்டு, பாழாய்ப்போன இந்தக் கையாலேயே கரியைப் பனையெண்ணெயில் குழைத்து வரைந்தேன். துடுப்புக்காரர்களுக்குத் தலைவனான படகுத் தண்டல் நான், என் ஆளை எவன் கேட்பான் என்ற திமிர்.

“தம்பியப் பத்திரமா கூட்டிட்டு வந்துடு,” என்றாள் ஜூவா.

கிழக்கே ஓர் ஆற்றுமுகத்தில், விலைக்கு வாங்கிய பன்னிரண்டு பேரைக் கைகட்டி, கப்பலுக்குக் கொண்டுபோக எங்கள் படகில் ஏற்றினார்கள். அதில் ஒருவன், தான் மீன்காரன், அடிமையில்லை என்று என் காலைப் பிடித்து அழுதான்.

“கோடு எங்கப்பா?” என்றேன். என் ஆட்கள் சிரித்தார்கள். டியாவும் சிரித்தான்.

கரையலை படகைக் கவிழ்த்துப் போட்டது. கைகட்டிக் கிடந்தவர்களை ஒவ்வொருவராக இழுத்துப் போட்டோம். மீன்காரன் மட்டும் அகப்படவில்லை.

கப்பலேறியதும் வெள்ளை அதிகாரி வாங்கிய ஆட்களை எண்ணினான். பன்னிரண்டில் ஓர் ஆள் குறைந்தது. பிறகு டியாவைப் பார்த்தான். உப்புத்தண்ணீரும் மணலும் அரித்து, கரி கன்னத்தில் வழிந்திருந்தது. கட்டைவிரலால் ஒரே தேய்ப்பு, மிச்சமும் போய்விட்டது.

“ஐயா, அவன் என் மச்சினன்! சத்தியமா எங்க ஆளுங்க!”

“கோடு எங்கே?” என்றான் அவன்.

“மச்சான், சொல்லு அவன்கிட்ட!” என்று டியா அலறினான்.

சொன்னேன். காலில் விழுந்து சொன்னேன். துப்பாக்கிக் கட்டையால் என்னைத் தள்ளிவிட்டு, அவனைக் கீழ்த்தளத்தில் இறக்கிப் பலகையை மூடினார்கள். ஐயோ, அந்தக் குரல் ஐந்து நாளும் காலுக்கடியில் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு எங்களை எங்கள் கரையில் இறக்கிவிட்டு, கப்பல் மேற்கே போய்விட்டது.

ஜூவாவிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் அழவில்லை. கட்டைவிரலை எச்சிலில் நனைத்து, என் நெற்றிக்கோட்டைத் தோல் எரிய எரியத் தேய்த்தாள்.

“உன்னுது போகமாட்டேங்குதே,” என்றாள்.