மேற்குக் கடலுக்குப் போனவர்கள்

1999 ஜனவரியில் ரொறன்ரோவில் பெரும்பனி கொட்டிய கிழமை, மேற்குக் கடலைத் தேடி இருநூறு வருடங்களுக்கு முன்னர் மொன்றியலிலிருந்து புறப்பட்ட பயணக்குழு ஒன்று, மல்வேர்னில் அருள்மலரின் ரவுன்ஹவுஸ் வரிசை வீட்டுக்கு முன்கதவால் வந்தது. ஆற்றுக்கும் ஆற்றுக்கும் இடையில் தோணியைத் தோளில் சுமந்து போகும் பழைய பாதை அந்த வீட்டு வரவேற்பறைக்குள்ளால்தான் ஓடியது. வீடு கட்டியவர்கள் அதைக் கவனித்திருக்கவில்லை. மரப்பட்டையில் செய்த நீளத் தோணியைத் தலைக்குமேல் பிடித்தபடி ஆட்கள் உள்ளே வந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படம் மட்டும் கொஞ்சம் சரிந்தது. எல்லோருக்கும் முன்னால் க்ரீ என்ற பூர்வகுடி இனத்துப் பெண் ஒருத்தி நடந்தாள். அவள்தான் வழிகாட்டி.

அருள்மலருக்கு அப்போது நிறைமாதம். கணவன் இராஜரட்ணம் மிசிசாகாவில் விமானநிலைய வேலைக்குப் போய், பனியால் அங்கேயே அகப்பட்டிருந்தான். தனியே பயந்துகொண்டிருந்தவளுக்கு வீட்டில் ஆள் சத்தம் கேட்டதே பெரிய ஆறுதல். பெரிய பானையில் சோறு வைத்தாள். பருப்பும் மீன்குழம்பும் இருந்தன. யார் எந்த மொழியில் பேசினார்கள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. விளங்காமல் மட்டும் போகவில்லை. சிவந்த தாடிக்காரத் தலைவன், மேற்குக் கடலை யாராவது கண்டதுண்டா என்று கேட்டான்.

"ஓம், வான்கூவர் அங்கைதானே இருக்கு. பிளேனிலை அஞ்சு மணித்தியாலம்."

அவன் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, "நான் போய்ப் பாக்கேல்லை, ஆக்கள் சொல்லுறதுதான்" என்று சேர்த்துக்கொண்டாள். அவன் திரும்பவும் சாப்பிடத் தொடங்கினான்.

பின்னேரம் அவர்கள் தோணியைத் தூக்கும்போது அவளுக்குப் பிரசவ நோ கண்டது. அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தாள். வீதிகள் மூடிக்கிடப்பதால் எப்போது வரும் என்று சொல்லமுடியாது என்றார்கள். தலைவன் தொப்பியைக் கழற்றி வருத்தம் தெரிவித்தான். ஆஸ்பத்திரி தெற்கே; தெற்கே திரும்பினால் மலைக்கணவாய் அடைபட்டுவிடும், இன்னொரு வருடம் வீணாகும் என்று பணிவாக விளக்கினான். வழிகாட்டி தன் மூட்டையை முதுகிலிருந்து இறக்கி வைத்தாள். இந்தப் பிள்ளை பிறக்கும்வரை மேற்கே ஓர் அடியும் வைக்கமாட்டேன் என்றாள். அவள் இல்லாவிட்டால் அடுத்த ஆறு எங்கே என்றுகூடத் தலைவனுக்குத் தெரியாது. ஆட்களுக்கும் அது தெரிந்திருந்ததால், அவன் வாய் திறக்குமுன்னமே தோணியைத் திருப்பிவிட்டார்கள்.

தோணிக்குள் கம்பளிகளை விரித்து, அருள்மலரைப் படுக்கவைத்துத் தோளில் தூக்கினார்கள். நீல்சன் வீதியில் பனி இடுப்பளவு. அதில் இறுகி நின்ற பஸ் ஒன்றுக்குள் இருந்தவர்கள் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்கள். வழிகாட்டி ஒரு காலால் பனியின் ஆழம் பார்த்தபடி, மறுபக்கம் அருள்மலரின் கையைப் பிடித்திருந்தாள்.

"அக்கா, பிள்ளைக்கு ஒண்டும் ஆகாதே?"

தான் இரண்டு பிள்ளைகளைப் பனிக்குள்தான் பெற்றதாகவும், இரண்டும் நல்ல சத்தக்காரர்கள் என்றும் அவள் சொன்னாள். அருள்மலருக்கு நோவுக்குள்ளும் சிரிப்பு வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் தோணியை விடக்கூடாது என்று காவலாளி சொன்னதால் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். விடியப் பெண்பிள்ளை பிறந்தது, பெருஞ்சத்தக்காரி. அருள்மலர் வழிகாட்டியின் பெயரைக் கேட்டாள். அத்தனை காலத்தில் குழுவில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. தலைவன் அவளைக் கைதட்டித்தான் கூப்பிடுவான்.

"நீபின்" என்றாள். தங்கள் மொழியில் கோடைகாலம் என்றாள்.

"அப்ப என்ரை பிள்ளைக்கும் அதுதான் பேர்" என்று அருள்மலர் குழந்தையை அவள் மடியில் வைத்தாள். அந்தப் பெண் குழந்தையின் நெற்றியில் தன் கன்னத்தை வைத்து, அசையாமல் நெடுநேரம் இருந்தாள். கதவடியில் நின்ற தலைவன் தொண்டையைச் செருமினான். கை தட்டவில்லை. "நீபின், போவமா?" என்று கேட்டான். அவள் எழுந்து மூட்டையை எடுத்துக்கொண்டாள்.

இராஜரட்ணம் பாதி வழி நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள். அருள்மலர் நடந்ததைச் சொன்னதும் அவன் வெளியே ஓடிப்போய், மேற்கே போன காலடித் தடங்களைப் பார்த்துக் கும்பிட்டான். பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் கோயிலில் ஐயர் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டு, நீபினுக்கு அர்ச்சனை செய்தார்.

பனி கரைந்த பிறகு, பழைய கால நில அளவைக்காரர் சிலர் அதே வழியால் வந்து கதவைத் தட்டினார்கள். இராஜரட்ணம் சோபாவை மற்றச் சுவரோடு தள்ளிவிட்டுக் கதவை அகலத் திறந்தான்.

"சப்பாத்தோடையே வாங்கோ" என்றான். "பரவாயில்லை."