குனிய மறந்த மந்தை

வில்கராப் பண்ணையின் செம்மறிகள் இரண்டு கால்களில் எழுந்து நின்றது வறட்சியின் ஆறாம் வருஷம். அந்த வாரம் கம்பளி விலையும் இறங்கியிருந்ததால் ஊரில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. மேற்கு குயின்ஸ்லாந்தில் புல் இல்லாத காலத்தில் முல்கா மரத்து இலைதான் ஆட்டுக்குத் தீனி. வாய்க்கு எட்டும் இலை தீர்ந்துவிட்டால் மனுஷர்தான் கிளையை வெட்டிச் சாய்க்க வேண்டும். அப்பா இறந்து, தங்கை பெரில் கல்யாணமாகி யெப்பூன் கடற்கரைக்குப் போய், கூலிக்கு இருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்ட பிறகு, அந்த வேலை எனிட் ஹாலரன் தலையில் விழுந்தது. விடிந்தால் ரம்பத்தோடு கிளம்புவாள், இருட்டினால் திரும்புவாள், கிடைத்ததைத் தின்றுவிட்டு பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போவாள். ஒருமுறை காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். தட்டுத்தடுமாறி எழுந்து போய்ப் பார்த்தபோது ஒரு கிழட்டுப் பெட்டை ஆடு பின்னங்கால்களை ஊன்றி, முன்னங்கால்களை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு, மேல்கிளையை அவசரமில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தது. எனிட் வியக்கவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது.

அதற்கப்புறம் ஈற்றுக்கு ஈற்று உடம்பு மாறியது. பின்னங்கால் நீண்டு தொடை பருத்தது. முன்னங்கால் வேலையில்லாமல் சிறுத்தது. கழுத்து அண்ணாந்த வாக்கிலேயே இறுகிவிட்டது. உட்காரும்போது ஊன்றிக்கொள்ள வால் தேவைப்பட்டதால் குட்டிகளுக்கு வாலறுக்கும் வழக்கத்தை எனிட் விட்டுவிட்டாள். இலை இருக்கும் இடத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் அரைநாள் தூரம். நடந்து கட்டுப்படியாகாமல் ஆடுகள் தாவத் தொடங்கின. கங்காருக்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இடம் விட்டு விலகிக்கொண்டன. காவல் நாய் மட்டும் சில நாள் குரைத்துத் தீர்த்தது, பிறகு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சோதிக்க வந்த அதிகாரி, வேலி தாண்டுவது எதுவானாலும் கங்காருதான் என்று அடித்துச் சொன்னார். வேலி தாண்டி வந்த ஒன்று அவர் முகத்துக்கு நேரே ‘மே’ என்று கத்தியதும், சரி ஆடுதான் என்று ஒப்புக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

கம்பளி வெட்டுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. செம்மறியைப் புட்டத்தில் உட்காரவைத்தால் துணிமூட்டைபோல் தளர்ந்துவிடும், அந்த ஒரு குணத்தை நம்பித்தான் அந்தத் தொழிலே நடக்கிறது. இவை தளரவில்லை, உதைத்தன. வருஷா வருஷம் வெட்ட வரும் கிளெம், வாழ்நாளெல்லாம் குனிந்து வெட்டியதில் முதுகு வளைந்து அப்படியே நின்றுபோனவர். கொட்டகையில் நின்ற ஆட்டின் முட்டியைத்தான் அவரால் நேராகப் பார்க்க முடிந்தது.

“இத்தன வருஷம் நான் அதக் கீழ பாத்தேன். இப்ப அது என்னைய கீழ பாக்குது.”

“கொஞ்சம் நிமிந்து நின்னு வெட்டேன், கிளெம்.”

“நிமிர்றதா? அதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடி.”

கீழ்ப்பாதியை அவர் வெட்ட, பெட்டிமேல் ஏறி நின்று மேல்பாதியை எனிட் வெட்டினாள். இப்படியே சில வருஷங்கள் ஓடின. ஆடுகளுக்குக் கிளை வெட்டிப்போட வேண்டாம், தண்ணீருக்கு ஓட்டிப்போக வேண்டாம். எனிட்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு எலும்பில் ஏறியிருந்தது. எங்காவது போய், யாரும் எதுவும் கேட்காத ஓர் அறையில் படுத்துக்கிடக்க வேண்டும், அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். தொலைபேசியில் பெரில் விடுவதாயில்லை.

“அதான் அதுங்களே எட்டித் தின்னுக்குதே. நீ யாருக்குக் காவல் கெடக்க? ஜன்னலத் தொறந்தா கடலு. ஒனக்குன்னு ரூம ஒழிச்சு வெச்சிருக்கேன்.”

“வரேன்.”

“அப்பா செத்தப்பவும் இதத்தான் சொன்ன.”

“இந்தத் தடவ வரேன் பெரில். அலுத்துப்போச்சு.”

உண்மையாகவே பெட்டி கட்டினாள். நாயைக் கிளெம் வீட்டில் விட்டாள். கிளம்ப வேண்டிய காலையில் மழை பிடித்துக்கொண்டது. வாரக்கணக்கில் பெய்து, பாதையெல்லாம் சேறாகி, வண்டி நகர வழியில்லை. ஊரே மதுக்கடையில் கூடிக் கொண்டாடியது. மழை விட்டபோது வில்கராவில் புல் முட்டியளவு நின்றது. அந்தப் புல்லுக்கு நடுவே ஆடுகள் தலையை அண்ணாந்து பட்டினி கிடந்தன. எட்டும் உயரத்து முல்கா மரங்களை மழை விடுவதற்குள் உச்சிவரை மொட்டையடித்திருந்தன. மழைக்குத் துளிர்த்ததும் இரண்டு நாளில் தீர்ந்தது. புல் காலைச் சுற்றி அசைந்தும் அவற்றுக்குக் குனிய வரவில்லை. முயன்றவை மூக்குக் குப்புற விழுந்தன. அந்தக் கிழட்டுப் பெட்டையின் பேத்தி ஒன்று, விழுந்து எழ முடியாமல், கம்பளியில் புல் உரச உரசச் செத்துப்போனது.

கட்டிய பெட்டிமேல் உட்கார்ந்து எனிட் அதைப் பார்த்தாள். பாதை காய்ந்துவிட்டிருந்தது, வண்டியில் பெட்ரோலும் இருந்தது. அலுப்புத் தாங்காமல் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அரிவாளை எடுத்து, ஒரு கைப்பிடி புல்லை அறுத்து, முன்னால் நின்ற ஆட்டின் வாய்க்கு உயர்த்திக் கொடுத்தாள். அது மரியாதை தெரியாமல் விரலையும் சேர்த்துக் கடித்தது. மறுநாள் கிளெம் வந்தார். குனிந்தபடியே இருப்பவருக்குப் புல்லறுக்கத் தனியாகக் குனிய வேண்டியதில்லை. அவர் அறுக்க, அவள் தூக்கிக் கொடுத்தாள். நல்ல மழை பெய்த அந்த வருஷமும், அடுத்த நல்ல வருஷமும் அப்படிப் போயின. இவர்கள் ஊட்டுவதை அக்கம்பக்கத்தார் ஒருமுறை வந்து பார்த்தார்கள், அப்புறம் வரவில்லை.

மூன்றாம் வருஷத்து ஈற்றில் ஒரு குட்டி, பிறந்து சில வாரத்தில், தடுமாறி முன்னால் சாய்ந்தது. விழவில்லை. சின்ன முன்னங்கால்களைத் தரையில் ஊன்றி, கழுத்தை வளைத்து, ஒரு வாய் புல்லைக் கடித்தது. எனிட் கையிலிருந்த புல்லுக்கட்டைக் கீழே போட்டாள்.

“குனிஞ்சிருச்சு கிளெம்.”

“ஒண்ணு குனிஞ்சா ஆச்சா? எல்லாம் நிமிர எத்தன ஈத்துப் பிடிச்சுது? குனியவும் அத்தன ஆகும்.”

எனிட் தன் வயதோடு கூட்டிப் பார்த்தாள். எழுபதைத் தாண்டியது. கணக்கில் பிழை இருக்குமோ என்று திரும்பவும் கூட்டினாள், இல்லை. கீழே போட்ட கட்டை எடுத்து, காத்திருந்த ஆட்டுக்குக் கொடுத்து முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பெரிலைக் கூப்பிட்டாள்.

“அந்த ரூம வாடகைக்கு விட்டுரு.”

“எவ்ளோ நாளைக்கு?”

“ஆடெல்லாம் குனியற வரைக்கும்.”

அந்தப் பக்கம் ஜன்னலைச் சாத்துவது கேட்டது, கடல் சத்தம் அடங்கியது. பிறகு பெரில், ரூம் பேச்சை விட்டுவிட்டு, அங்கே இன்னும் மழை உண்டா என்று விசாரித்தாள்.