பழசாக்கிய பலகை

காரைக்குடி செக்காலை ரோட்டில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். பெயர் அழகுராஜா. நல்ல மனுஷன் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. முன்பெல்லாம் அதைக் கேட்டால் மீசையைத் தடவிக்கொள்வேன். இப்போது யாராவது சொன்னால், போய்யா உன் வேலையைப் பார் என்று எரிந்து விழுகிறேன்.

காலை ஏழரைக்கெல்லாம் பெயிண்டர்கள் கடை வாசலில் கூடிவிடுவார்கள். அவர்களில் ஈஸ்வரன் ஒருத்தன். எங்கள் கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இலங்கைத் தமிழர் முகாம்தான் அவன் இடம். தொண்ணூறில் அவன் அம்மா இடுப்பில் உட்கார்ந்து படகில் வந்தவன், இன்னும் அகதி அட்டைதான் வைத்திருக்கிறான். கடையில் எங்களைப் போலத்தான் பேசுவான். மனசு கலங்கினால் மட்டும் அவன் அம்மாவின் பேச்சு வந்துவிடும்.

கெட்டிக்காரன். பெரிய வீடுகளை ஹோட்டலாக மாற்றுகிறவர்கள் அவனைத்தான் தேடி வருவார்கள். நேற்று செய்த கதவை நூறு வருஷத்துக் கதவாகக் காட்டிவிடுவான். உப்புத்தாளில் தேய்ப்பான், டீ டிகாஷனைத் தடவுவான், என்னவெல்லாமோ செய்வான். வெள்ளைக்காரன் வந்து அதைத் தொட்டுப் பார்த்து வாயைப் பிளப்பான்.

போன மார்கழிக்கு முந்தி ஒரு நாள், கடைக்கு வந்தவன் டீயைக்கூட வாங்கவில்லை.

"அண்ணே, முகாமுக்குப் புது வீடு சாங்சன் ஆயிருச்சு. நாப்பது வீடு. பூராம் அரசாங்கச் செலவு."

"அடி சக்கை! எப்படியாம் வீடு?"

"ஒரு ஹாலு, ஒரு ரூமு, அடுப்படி, கக்கூசு உள்ளயே. ரூமுக்குக் கதவு இருக்குண்ணே."

வீடு என்றால் கதவு இருக்காதா என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. இப்போது இருப்பது பத்துக்குப் பத்து அடி ஒற்றை அறை. அதில் அவன், அவன் பெண்டாட்டி, வயசான அப்பா, பத்தாவது படிக்கிற மகள் துர்கா. குறுக்கே ஒரு சேலையைக் கட்டியிருக்கிறார்கள், அதுதான் சுவர்.

"துர்கா துணி மாத்தணும்னா நானும் எங்கப்பாவும் தெருவுல போயி நிக்கிறோம்ணே. மழை பேஞ்சாலும் நிக்கணும். அப்பாவுக்கு இளைப்பு வேற" என்றான். அப்புறம் தயங்கித் தயங்கி, நிறங்கள் அச்சடித்த ஷேட் கார்டு ஒன்றைக் கேட்டான். மறுநாளே கொண்டுவந்து காட்டினான். கத்திரிப்பூ நிறத்துக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு டிக்.

"அவ ரூமுக்கு இதுதான் வேணுமாம்."

"உன் மக ரூமுக்கு பெயிண்ட் என் செலவுடா" என்றேன். சும்மா சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னேன். அன்றைக்கே அந்த நிறத்தில் இரண்டு டின் கலந்து, உள் அறையில் எடுத்தும் வைத்தேன். கார்டை அவள் ஆசைக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று திருப்பிக் கொடுத்தேன்.

அதே வாரம் தெரிந்தது, வீடு கட்டப்போகிற இடம் எது என்று. முகாம் இருக்கிற இடத்தில் தண்ணீர் தேங்குகிறது என்று எங்கள் ஊர்ப் புறம்போக்கைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதை ஒட்டித்தான் என் நாலு ஏக்கர். மனை போட்டு, கல் ஊன்றி, விற்பதற்குத் தயாராக வைத்திருந்தேன்.

என் பங்காளி சத்தியமூர்த்தி வீட்டுக்கே வந்துவிட்டான். "அண்ணே, முகாமை ஒட்டி எவன் மனை வாங்குவான்? உங்க நாலு ஏக்கரும் போச்சு. பேசாம இருக்கீகளே!"

வாயை மூடு என்று சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டது, "என்ன செய்யலாம்?"

எங்கள் ஊர் மஞ்சுவிரட்டு பேர் போனது. மாடுகளை அடைக்கிற தொழுவும் திடலும் கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கின்றன, புறம்போக்கு இந்தப் பக்கம். இது எங்கள் ஊரில் நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். ஆனால் வெளியூரிலிருந்து வருகிற அதிகாரிக்கு எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? மஞ்சுவிரட்டுத் திடலில் கைவைக்க யாருக்கும் துணிச்சல் வராது. புறம்போக்குதான் திடல் என்று மனு எழுதினோம். முதல் கையெழுத்து என்னுடையது. மனுவுக்கு ஒரு சாட்சி வேண்டுமே என்றான் சத்தியமூர்த்தி. ஒரு பழைய பலகை இருந்தால் போதும் என்றான்.

பழைய பலகைக்கு நான் எங்கே போவேன்? எனக்குத் தெரிந்தவன் ஒருத்தன்தானே.

"ஈஸ்வரா, ஷூட்டிங்காரங்க கேக்குறாங்கடா. மஞ்சுவிரட்டுத் திடல்னு ஒரு போர்டு. நாப்பது வருசம் வெயில்ல கெடந்த மாதிரி இருக்கணும்."

காரைக்குடியில் ஷூட்டிங் என்றால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். வருஷம் முழுக்க ஏதாவது ஒரு வீட்டில் கேமரா ஓடிக்கொண்டுதான் இருக்கும். அவன் இரண்டு நாள் உட்கார்ந்து செய்தான். எழுத்து பாதி உரிந்தும் படிக்கிற மாதிரி இருந்தது. ஆணி அடித்த இடத்தில் துரு வழிந்திருந்தது. கடைசியில், தான் எழுதுகிற எல்லாப் பலகையிலும் போடுகிற மாதிரி மூலையில் 'ஈஸ்வரன்' என்று எழுதப்போனான்.

"பேரு வேணாம்டா."

"ஆமால்ல, பழைய போர்டுல என் பேரு எப்புடி?" என்று சிரித்துக்கொண்டே பிரஷைக் கழுவினான். கூலியோடு நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன். எதற்கு அந்த நூறு ரூபாய் என்று எனக்குத் தெரியும்.

இடத்தைப் பார்க்க அதிகாரி வந்த அன்று, பலகையை நட்டு, கோயில் மாட்டுக்குப் புதுத் துண்டு கட்டி, பக்கத்தில் நிறுத்தியிருந்தோம். சத்தியமூர்த்திதான் பேசினான். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். முகாமிலிருந்தும் நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். பெண்கள் எந்த வீடு எங்கே வரும் என்று தரையைக் கைகாட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஈஸ்வரன் பலகையைப் பார்த்தான். கிட்டே போனான். மூலையை, தன் பேர் இல்லாத அந்த மூலையைப் பார்த்தான். பிறகு திரும்பி என்னைத் தேடினான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதிகாரி பலகையையும் மாட்டையும் போட்டோ எடுத்தார். "இதை முன்னாடியே சொல்லக் கூடாதாய்யா? ஊருக்கு ஆட்சேபணை இல்லேன்னா பத்தாம் தேதிக்குள்ள எழுதிக் குடுங்க. இல்லாட்டி இந்த நாப்பது வீடும் வேற மாவட்டத்து முகாமுக்குப் போயிரும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். சத்தியமூர்த்தி என் முதுகில் தட்டினான். எனக்கு அந்தக் கையைப் பிடித்து முறிக்க வேண்டும் போல இருந்தது. அவன் கையையா? என் கையை அல்லவா முறிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஈஸ்வரன் கடைக்கு வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பெண்டாட்டி பொன்னுத்தாயி இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் தட்டை வைத்துக்கொண்டே, "என்னத்தத் திங்காம கெடக்கீக? போயி எழுதிக் குடுத்துட்டு வந்து தின்னுங்க" என்றாள். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஒன்பதாம் தேதி எழுதிவிட்டேன். அந்த இடம் திடல் இல்லை, பலகை போலி, வைத்தது நான், ஆட்சேபணையை வாபஸ் வாங்குகிறேன் என்று நாலே வரி. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே ஆபீசுக்குப் போக வேண்டியவன், முகாமுக்குப் போனேன். முதலில் அவனிடம் சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்று ஒரு நப்பாசை. அவன் வாயால் பரவாயில்லை என்று கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் என் நியாயம்.

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அவன் வீட்டு வாசலில் ஈஸ்வரனும் அவன் அப்பாவும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். என்னைப் பார்த்துத்தான் எழுந்து நிற்கிறார்கள் என்று நினைத்தேன். "கொஞ்சம் பொறுங்கண்ணே, உள்ள துர்கா பள்ளிக்கூடத்துல இருந்து நனைஞ்சு வந்துருக்கா" என்றான். அப்போதுதான் விளங்கியது. நானும் அவர்களோடு நின்றேன். பெரியவர் இளைத்து இளைத்து மூச்சு விட்டார். அவர் நெஞ்சுக்குள் கேட்ட விசில் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஈஸ்வரா, அந்த போர்டு..." என்று ஆரம்பித்தேன்.

அவன் என் கையைப் பிடித்து, அப்பாவுக்குக் கேட்காத தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். "அண்ணை, மெல்லக் கதையுங்கோ. அதை எழுதினது நான்தான் எண்டு இங்க ஒருத்தருக்கும் தெரியாது. நாப்பது வீட்டையும் என்ர கையாலயே அழிச்சுப்போட்டன். துர்காவுக்குத் தெரிஞ்சா என்ர முகத்தையே பாக்க மாட்டாள்."

"நீ என்னடா செஞ்சே..."

"உங்களையும்தானே ஏமாத்திப்போட்டாங்கள். ஷூட்டிங் எண்டு பொய் சொல்லி உங்களிட்ட வாங்கிப்போட்டு, கொண்டுவந்து நட்டிட்டாங்கள். அண்டைக்கு நீங்கள் தலையைக் குனிஞ்சு நிண்டதை நான் பாத்தனான் அண்ணை. என்னால உங்களுக்கும் அவமானம். ஆரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ."

அட, பாவிப் பயலே! என்னைச் சந்தேகப்படக்கூடத் தெரியவில்லையே உனக்கு. காகிதம் பைக்குள் ஈரமாகி நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. சொல்லியிருக்கலாம், ஒரே ஒரு வார்த்தை. எனக்கு என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. தப்பித்தேன் என்று ஒரு நிம்மதி வந்தது. எனக்குள் இருந்த அந்த நாயை என்ன சொல்லித் திட்டுவது?

"சொல்ல மாட்டேன்டா" என்றேன்.

சேலையை விலக்கிக்கொண்டு துர்கா வெளியே வந்தாள். கையில் ஷேட் கார்டு. "மாமா, கடைக்கு வேணும்ல, அப்பா குடுக்கச் சொன்னாங்க" என்று நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

அவன் பேரைச் சொல்லாமலே அந்த நாலு வரியைக் கொடுத்திருக்கலாம். அதில் அவன் பேரே இல்லை, அந்தக் காகிதத்தை எழுதின எனக்குத் தெரியாதா? ஆனாலும் அவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பத்தாம் தேதி முழுக்கக் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் பொன்னுத்தாயி போன் செய்தாள். எடுக்கவில்லை. நாற்பது வீடும் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டன. என் மனைகளில் ஆறு விற்றாகிவிட்டது.

ஈஸ்வரன் பழையபடி காலையில் வருகிறான். முன்னைவிட மரியாதையாக இருக்கிறான். தன் ரகசியத்தைக் காப்பாற்றுகிறவன் நான் என்று நினைக்கிறான்.

போன வாரம் ஒருவர் மகள் அறைக்கு என்று ஷேட் கார்டைப் புரட்டினார். விரலைக் கத்திரிப்பூ நிறத்தில் வைத்தார். அந்தக் கலர் ஸ்டாக் இல்லை என்றேன். வாசலில் நின்ற ஈஸ்வரன் எட்டிப் பார்த்தான்.

"இருக்குண்ணே, மறந்துட்டீகளா? உள்ள ரெண்டு டின்னு சும்மாதான கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே போய், அவனே தூக்கிவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தான். மேலே படிந்திருந்த தூசியைத் தன் துண்டால் துடைத்தான். அந்த வீட்டு வேலையும் அவனுக்குத்தான் கிடைத்தது.