வேலிக்குள் பொறுக்கிய விறகு

அன்று அங்கே இருந்தவர்கள்: திட்ட மேலாளர் பரகத், டென்மார்க்கிலிருந்து ஆய்வுக்கு வந்த ஹெலெ, அவளுக்காகத் தாஷ்கண்டிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளன் ரவ்ஷன், சமையலுக்கு சர்பினாஸ் அக்கா, அழைக்காமலே வந்து நின்ற ஒட்டகக்காரர் எர்னியாஸ், ராக்காவல் முடிந்தும் வீட்டுக்குப் போகாத நான்.

ஆரல் கடல் வற்றிய தரையில் சாக்சவுல் மரம் நட்டு, அது காற்றிலிருந்து உறிஞ்சும் கரியைக் காட்டி வெளிநாட்டுக் கம்பெனிகளின் புகைக்குக் கணக்கு நேர் செய்து கொடுப்பது எங்கள் கம்பெனியின் தொழில். நட்ட கன்றுகள் உப்பில் கருகின. உடனே பழைய கரையோரம் எர்னியாஸின் ஒட்டகங்கள் மேய்ந்துவந்த சாக்சவுல் காட்டைச் சுற்றி வேலி போட்டு, அதையும் தாங்கள் நட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள். ஏதோ ஒரு ஐரோப்பியப் பத்திரிகை இதை நாறடித்த பிறகுதான் ஆய்வுக்கு ஆள் வந்தது. அந்த ஆளை அனுப்பியதும் கம்பெனி, கூலி கொடுப்பதும் கம்பெனி. இது நட்ட மரமல்ல என்று அவள் எழுதினால் மேய்ச்சல் திரும்பும். இல்லையென்றால் குளிர்காலத்துக்குள் எர்னியாஸ் ஒட்டகங்களை விற்க வேண்டியதுதான். எதை நம்பி மனிதர் முடிவெட்டிக்கொண்டு வந்து நின்றாரோ.

முற்றத்தில் சர்பினாஸ் அக்கா சாக்சவுல் கட்டையைத் தூக்கிக் கல்லில் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள். கோடாலிக்கு மசியாத மரம் அது. அடித்துத்தான் உடைக்க வேண்டும்.

"காஸ் அடுப்புல வையின்னுதானே சொன்னேன்?" பரகத் பல்லைக் கடித்தார்.

"வந்தவங்களுக்குக் காஸ்ல வெச்ச கறியா? ஊர்ல என் மூஞ்சில துப்புவாங்க."

சத்தம் கேட்டு ஹெலெ வந்தாள். தொடைப் பருமன் கட்டை ஒன்றைப் புரட்டிப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"மரம் நட்டு அஞ்சு வருஷம்தானே, இது எப்பிடி இவ்ளோ பருமன்னு கேக்குறாங்க," என்றான் ரவ்ஷன்.

"லாரில வெளியூர்லேர்ந்து வந்த விறகு," என்றார் பரகத்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. "யாரு சொன்னது? காசுக்கு வாங்குன விறகுலயா விருந்து வைப்பேன்? காலைல வேலிக்குள்ள போயி நானே பொறுக்குனது. சந்தேகம்னா வாங்க, மரத்தையே காட்டுறேன்." தன் விருந்தைத்தான் குறை சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். எர்னியாஸ் வாய்விட்டுச் சிரித்தபோதுதான் அவள் முகம் வெளுத்தது.

"கேட்டுக்கம்மா," என்றார் எர்னியாஸ் ஹெலெயிடம். "எங்கப்பா காலத்து மரம் அது. அஞ்சு வருஷத்துல தொடைப் பருமன் வரும்னா, ஒட்டகத்த வித்துட்டு நானும் மரமே நட்டுருவேன்." பிறகு வேலிக் கம்பியில் சிக்கிச் செத்த ஒட்டகக் குட்டியைப் பற்றி நெடுநேரம் சொன்னார். ரவ்ஷனின் மொழிபெயர்ப்பு ஒரே மூச்சில் முடிந்துவிட்டது.

"அவ்ளோதானா?" என்றேன்.

"சாரத்தச் சொல்லியாச்சு தம்பி."

ஹெலெ உடைந்த துண்டு ஒன்றை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"பாத்தியா, எடுத்துக்கிட்டா. நியாயமானவ," என்று எர்னியாஸ் என் விலாவில் இடித்தார்.

"சாட்சிய மறைக்கணும்னாலும் பையிலதான் போடுவாங்க சித்தப்பா."

"வாயக் கழுவுடா."

கறி வந்தது. பெரிய விருந்தாளிக்கென்று வைக்கும் ஆட்டுத் தலையை ஹெலெயின் முன் வைத்தார்கள். அவள் தயங்காமல் சாப்பிட்டாள். பரகத்தின் கோபம் போன இடம் தெரியவில்லை. தேநீரைத் தானே ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவளிடம் குனிந்து ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவருக்கு ஆங்கிலம் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். ரவ்ஷன் எலும்பைக் கடிப்பதில் மும்முரமாக இருந்தான்.

இருவரும் எழுந்து அலுவலக அறைப் பக்கம் நடந்தார்கள். எர்னியாஸ் கையைத் துடைத்துக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்து, பின்னாலேயே போனார்.

"நீங்க சாப்பிடுங்க பெரியவரே, ஆறிடும்," என்றார் பரகத், வாசலில் நின்று.

ஹெலெ திரும்பி எர்னியாஸை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. பையைத் தோளில் இறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் கதவு மூடியது. உள்ளிருந்து சாவி திரும்பும் சத்தம் கேட்டது.