படி கேட்ட சம்பந்தியம்மாள்

தையல்கடை அம்மாளின் மகளைத்தான் பெயிண்ட் கடைக்காரரின் மகன் கட்டியிருந்தான். வீட்டில் சம்பந்திகள் இருவருக்கும் அத்தனை மரியாதை. குடிநீர் வாரியக் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் எலியும் பூனையும். இரண்டு பேருமே தேர்தலில் நின்று ஜெயித்த உறுப்பினர்கள்.

ஒரே தெருக்காரர்கள் ஒரே வண்டியில் வந்தால்தான் பயணப்படி என்று வாரியம் புதிதாக விதி போட்டது. இருவரும் ஒரே தெரு; வேறு வழியில்லாமல் அம்மாள் சம்பந்தியின் பழைய காரில் ஏறினாள்.

கூட்டத்துக்கு வருகிறவர்களின் படியை இரண்டு மடங்காக்கச் சொல்லி அன்றைக்கு அவள் தீர்மானம் கொடுத்திருந்தாள். வழியெல்லாம் அதே பேச்சு.

"ஊருக்கு உழைக்க வந்துட்டுக் கூலி கேட்கலாமா, சம்பந்தியம்மா?"

"கேட்காம? கடையைப் பூட்டிட்டுல்ல வரேன். சட்டை தன்னைத்தானே தைச்சுக்குமா, சம்பந்தி?"

"கடை கிடக்குதுங்க. மனசு இருந்தாப் போதும்."

மேம்பாலத்தில் ஏறும்போது கார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. மெக்கானிக்குக்காகக் காத்திருந்த நேரத்தில் அவருடைய போன் அடித்தது. ஒரு பள்ளிக்கூடம் முழுக்க அடிக்கப் பெயிண்ட் வாங்க வந்த ஒப்பந்தக்காரர், பூட்டைப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டாராம். அவர் முகம் சுண்டிப்போயிற்று. 'மனசு இருந்தாப் போதும்' என்பது அம்மாளின் நாக்கு நுனிவரை வந்தது. மகளை நினைத்து விழுங்கிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

கார் கிளம்புவதாயில்லை. மெக்கானிக்கின் வேனில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அம்மாளின் தீர்மானம் ஓட்டுக்கு வந்திருந்தது. மூச்சு வாங்க நின்றபடியே பெயிண்ட் கடைக்காரர் பேசினார்.

"ரெண்டு மடங்கு எந்த மூலைக்குங்க? நாலு மடங்காக்கணும்."

அம்மாள் விருட்டென்று எழுந்தாள். "ஊர் சிரிக்கும். நான் எதிர்க்கிறேன்."

வாரியத் தலைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "ஒருநாளாவது நீங்க ரெண்டு பேரும் ஒரே பக்கம் நிக்க மாட்டீங்களா?"

இரண்டு மடங்கே நிறைவேறியது. குறைச்சல் என்று அவர் ஒருவர்தான் கை தூக்கவில்லை.

எந்த வண்டியில் வந்தீர்கள் என்று கணக்கர் கேட்டதற்கு அம்மாள் முந்திக்கொண்டாள். "வேன்ல வந்தோம். பயணப்படியை மெக்கானிக்குக்கே கொடுத்துடறோம்." அவரும் தலையாட்டினார். தலைவி இதைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது பஸ். டிக்கெட் இரண்டையும் அவரே எடுத்தார்.

"அடுத்த கூட்டத்துல மூணு மடங்கு கேட்டா ஒத்துக்குவீங்களா, சம்பந்தியம்மா?"

"கேட்டுப் பாருங்க சம்பந்தி," என்று ஜன்னல் பக்கம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.