ஒரு டப்பா சுவரொட்டி

திருப்பதிக்குப் பக்கத்தில், பாகாலாவில் எங்கள் கறிக்கடையில் ஆட்டின் உள்ளுறுப்புகளை விற்பவள் நான். மூச்சு இழுப்பது நுரையீரல், விஷத்தை முறிப்பது ஈரல், மூத்திரம் பிரிப்பது கிட்னி என்று ஒவ்வொன்றாகக் காட்டி விற்பேன். ரத்தம் குறைந்த பெண்களுக்குச் சுவரொட்டி. மண்ணீரலை எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். உள்ளங்கை அளவுதான்; கத்தி லேசாகப் பட்டாலே கை முழுக்க ரத்தமாகிவிடும்.

வெட்டுபவன் என் புருஷன் ஜெயபிரகாஷ். என்னை அடிப்பதிலும் கெட்டிக்காரன். முகத்தில் அடிக்கவே மாட்டான், கடைக்கு வருகிறவர்கள் பார்த்துவிடுவார்களே! எலும்பிலும் அடிக்க மாட்டான், உடைந்தால் குடலை யார் கழுவுவது?

"பத்தாயிரம் ஆடு உரிச்சவன்டி நானு. எங்க அடிச்சா வெளிய தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்பான், படுபாவி.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடல் கழுவ நேரமாகிவிட்டது. முடியைப் பிடித்துக் கீழே தள்ளி, இடது விலாவுக்குக் கீழே மூன்று முறை உதைத்தான். வெளியே ஒரு கீறல்கூட இல்லை.

"இன்னாடி நடிச்சிக்கினு இருக்கே? ஏந்திரு!"

எழுந்தேன். கண் இருட்டியது, வயிறு கல்லாக இறுகியது. உள்ளே எது கிழிந்தது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பக்கத்துக் கடை ஹரிபாபு என்னை ஆட்டோவில் போட்டுக்கொண்டு திருப்பதிக்குப் பறந்தார்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து என் மண்ணீரலை எடுத்துவிட்டார்கள்.

"பழைய ரத்தத்தை வடிகட்டுறது, கிருமியோட சண்டை போடுறது எல்லாம் அதோட வேலைம்மா. இனிமே லேசா காய்ச்சல் வந்தாலும் உடனே ஓடி வரணும்" என்றார் டாக்டர் யாமினி.

என் புருஷனோ, நான் படியில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தான். மூன்றாம் நாள் போலீஸ் என்னை விசாரிக்க வருவதாக இருந்தது. அதற்கு முன்பே டிபன் டப்பாவோடு வந்து நின்றான். திறந்தால், மிளகு போட்டு வறுத்த சுவரொட்டி.

"துன்னு பிரேமா, ரத்தம் ஊறும். படியில வுழுந்துட்டேன்னு சொல்லிடு. இல்லேன்னா நீ வூட்டுக்கு எப்படி வருவேன்னு பாத்துக்கறேன்."

பயந்தேன், அதை மறைப்பானேன்? வயிற்றில் தையல் இழுத்தது.

பெண் போலீஸ் வந்தார். "ஏமைந்தம்மா? என்ன ஆச்சு? எப்படி விழுந்தே?" என்று தெலுங்கும் தமிழும் கலந்து கேட்டார். அவன் கை என் தோளை அழுத்தியது.

டப்பாவை அவரிடம் நீட்டினேன். "நான் வுழல மேடம். என் வயித்துல இருந்த சுவரொட்டிய இவன் ஒதைச்சே கிழிச்சிட்டான். இப்போ ஆட்டோடத எடுத்தாந்து துன்னச் சொல்றான்."

பத்து வருஷமாக முகத்தைத் தொடாதவன், அவர் கண்ணெதிரே என் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் வெளியே வந்தது.

"இதையும் எழுதிக்குங்க மேடம்" என்றேன்.